கேட்டிருக்கலாம்

மார்பகப் புற்றுநோய் என்று ஒரு வீட்டில் தெரிந்துவிட்டால், அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் முதலில் எழும் பேச்சு "எடுத்துடலாம்" என்பதுதான். "எடுத்துட்டா நிம்மதி." "வேரோட எடுத்துடணும்." "இந்த வயசுல அது எதுக்கு?" இப்படி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் எல்லாரும் அன்பானவர்கள்தான். ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் கூடத்தில் நடக்கும். நோய் வந்தவள் உள்ளே படுத்திருப்பாள்.

சென்ற இரண்டு மாதங்களில் எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் இதே பேச்சு நடந்தது. இரண்டு வீட்டுக்காரர்களும் என்னிடம் வந்தார்கள். 2018-இல் எனக்கு 63 வயதில் இந்த நோய் வந்து, சிகிச்சை முடிந்து நடமாடிக்கொண்டிருப்பவள் நான் என்பது தெருவுக்கே தெரியும். அவர்களிடம் வாயால் சொன்னதை எழுதியும் வைத்துவிட்டால் இன்னும் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது. நான் மருத்துவர் அல்ல. தபால் இலாகாவில் 36 வருஷம் முத்திரை குத்தியவள். என்ன சிகிச்சை செய்யலாம் என்று யாருக்கும் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, அவை எப்படி வந்தன, எதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

அதற்கு முன்னால் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு 1969-இல் இதே நோய் வந்தது. அப்போது அவளுக்கு 41 வயது, எனக்கு 14. மெட்ராஸுக்கு அழைத்துப் போனார்கள். "ஒரு கட்டி இருக்கு, எடுக்கப் போறாங்க" என்பது மட்டும்தான் அவளிடம் சொல்லப்பட்டது. அப்பா கையெழுத்துப் போட்டார். மயக்கம் தெளிந்தபோது வலப்பக்கம் முழுக்கக் கட்டு. எவ்வளவு எடுத்தார்கள் என்பது கட்டுப் பிரித்த அன்றுதான் அம்மாவுக்குத் தெரியும். மார்பு மட்டும் இல்லை. அதன் அடியில் இருக்கும் சதை, அக்குளில் இருக்கும் நெறிகள் எல்லாமே போயிருந்தன. விலா எலும்பின் மேல் தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அம்மாவின் வலது கை வீங்கிவிட்டது. சாயங்காலமானால் கனம் தாங்காமல் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொள்வாள். கையைத் தோளுக்கு மேல் தூக்க வராது. தலை பின்னிக்கொள்ள முடியாது. எனக்குக் கல்யாணம் ஆகும்வரை தினமும் காலையில் அம்மாவுக்குத் தலை வாரிக் கொண்டை போட்டுவிட்டது நான்தான். இடது கையாலேயே மாவாட்டப் பழகிக்கொண்டாள். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, பஞ்சு வைத்துத் தைத்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வாள். அது நகர்ந்துவிடும் என்று கல்யாண வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா அதன்பின் 22 வருஷம் இருந்தாள். என் கல்யாணம், தம்பி கல்யாணம், நான்கு பேரக்குழந்தைகள் எல்லாம் பார்த்தாள். 1991-இல் இதயக் கோளாறில்தான் போனாள். ஆகவே அந்த ஆபரேஷனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்த முறையை ஏற்படுத்தியவர் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க சர்ஜன். 1882-இல் முதன்முதலாகச் செய்து, 1894-இல் தன் அனுபவத்தை விரிவாக எழுதினார். புற்றுநோய் ஒரு இடத்தில் தோன்றி, அங்கிருந்து அடுத்த இடம், அடுத்த நெறி என்று படிப்படியாகப் பரவுகிறது என்பது அவர் எண்ணம். அப்படியானால் எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது அல்லவா? மார்பு, நெஞ்சுச் சதை, அக்குள் நெறி மூன்றையும் ஒன்றாக எடுத்துவிடுவது அப்படி வந்த வழக்கம்தான். கிட்டத்தட்ட 80 வருஷம் அதுவே சட்டம் மாதிரி நடந்தது.

இடையில் மாற்றுக் குரல்கள் இல்லாமல் இல்லை. லண்டனில் ஜெஃப்ரி கீன்ஸ் என்ற சர்ஜன், பொருளாதார மேதை கீன்ஸின் தம்பி, 1920-களிலேயே கட்டியைச் சிறிதாக எடுத்து ரேடியம் ஊசிகளை வைத்துச் சிகிச்சை செய்து பார்த்தார். அவர் பேச்சு அம்பலம் ஏறவில்லை. பிறகு பிட்ஸ்பர்க்கில் பெர்னார்ட் ஃபிஷர் வந்தார். "நோய் ஆரம்பத்திலேயே ரத்தத்தின் வழியாக வெளியே போயிருக்கக்கூடும். அப்படியானால் நெஞ்சில் அகலமாக வெட்டுவதால் கூடுதலாக என்ன லாபம்?" என்பது அவர் வாதம். வாதத்தோடு நிற்காமல் சோதித்துப் பார்த்தார். 1976-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். ஒரு பிரிவுப் பெண்களுக்கு மார்பை முழுக்க எடுப்பது, இன்னொரு பிரிவுக்குக் கட்டியை மட்டும் எடுப்பது, மூன்றாவது பிரிவுக்குக் கட்டியை எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பது. இத்தாலியில் மிலான் நகரத்தில் உம்பர்ட்டோ வெரோனேசி 1973-லேயே இதே மாதிரி 701 பெண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார்.

இரண்டு ஆய்வுகளின் 20 வருஷக் கணக்கும் 2002-இல் ஒரே மருத்துவ இதழில் ஒன்றாக வெளிவந்தன. முழுக்க எடுத்த பெண்களும், கட்டியை மட்டும் எடுத்த பெண்களும் உயிரோடு இருந்த கணக்கில் வித்தியாசமே இல்லை. ஒரே வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்காதவர்களில் 100-க்கு 39 பேருக்கு அதே மார்பில் மறுபடி வந்தது. கதிர்வீச்சு கொடுத்தவர்களில் 14 பேருக்குத்தான் வந்தது. ஆகவே கட்டியை மட்டும் எடுப்பது என்றால் பெரும்பாலும் கதிர்வீச்சும் சேர்ந்துதான். இரண்டும் சேர்ந்து ஒரு வழி, முழுக்க எடுப்பது இன்னொரு வழி. தகுந்த கட்டியாக இருந்தால் ஆயுளைப் பொறுத்தவரை இரண்டும் சமம்.

இந்த மாற்றத்தில் டாக்டர்கள் மட்டுமல்ல, நோயாளிகளுக்கும் பங்கு உண்டு. ரோஸ் குஷ்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு 1974-இல் இந்த நோய் வந்தது. அக்காலத்தில் அங்கும், மயக்கத்தில் இருக்கும்போதே கட்டியில் கொஞ்சம் எடுத்துச் சோதித்து, புற்று என்றால் அப்படியே மார்பையும் எடுத்துவிடுவார்கள். கண் விழித்தால்தான் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். அந்த அம்மாள், "முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், பிறகு என்னிடம் பேசுங்கள்" என்று அடம்பிடித்தார். பல சர்ஜன்கள் மறுத்துவிட்டார்கள். தேடி அலைந்து ஒருவரைப் பிடித்தார். பிறகு அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1979-இல் அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் அவரும் இருந்தார். ஹால்ஸ்டெட் முறை இனி வழக்கமான சிகிச்சை அல்ல, சோதனையும் ஆபரேஷனும் தனித்தனியாக நடக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகிப் பத்து வருஷம் கழித்து வந்த முடிவு இது. இந்த விஷயமெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் தன் அனுபவத்தைப் பற்றி ஒரே ஒருமுறை என்னிடம் பேசியிருக்கிறாள். எனக்கு இரண்டாவது பையன் பிறந்து அவள் பார்த்துக்கொள்ள வந்திருந்தபோது. குழந்தையை இடது தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "என்னைக் கேட்டிருந்தாலும் சரின்னுதான்டீ சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்."

இனி என் கதை.

குளிக்கும்போது இடது மார்பின் மேல்புறம், அக்குள் பக்கமாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. கும்பகோணத்தில் குடும்ப டாக்டரைப் பார்த்து, மேமோகிராம் எடுத்து, அங்கிருந்து திருச்சியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். ஊசி போட்டுச் சதை எடுத்து பயாப்சி செய்தார்கள். முடிவு வந்த அன்று அந்த டாக்டர் செய்த முதல் காரியம், ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டதுதான். என்னைவிட இருபது வயது சின்னவர். "அம்மா, உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ரெண்டையும் சொல்றேன். வீட்டுக்குப் போய் யோசிச்சு வாங்க. இது ஒரு வாரத்துல ஓடிப்போற விஷயம் இல்ல" என்றார்.

எல்லாருக்கும் இரண்டு வழி கிடைக்காது என்பதையும் அவரே சொன்னார். கட்டி மார்பின் அளவுக்கு மிகப் பெரிதாக இருந்தால், ஒரே மார்பில் வெவ்வேறு மூலைகளில் பல கட்டிகள் இருந்தால், தோல் சிவந்து ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி தடித்திருந்தால், முன்பே அந்த இடத்தில் கதிர்வீச்சு வாங்கியிருந்தால், முழுக்க எடுப்பதுதான் நல்லது என்பார்கள். பெரிய கட்டியாக இருந்தாலும் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கி, பிறகு கட்டியை மட்டும் எடுக்க முடிவதும் உண்டு. என் கட்டி 1.8 செ.மீ. அதனால் எனக்கு இரண்டு கதவும் திறந்திருந்தன.

வீட்டில் கூடம் கூடியது. பெங்களூருவில் இருக்கும் பெரியவன் போனில், "அம்மா, ரெண்டு பக்கமுமே எடுத்துடலாம். ஏஞ்சலினா ஜோலி எடுத்துக்கிட்டாங்க இல்ல?" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. அந்த நடிகை 2013-இல், நோய் வருமுன்பே இரண்டையும் எடுத்துக்கொண்டதைத் தானே பத்திரிகையில் எழுதினார். ஆனால் அவருக்கு BRCA1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. தாயையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். எனக்கும் அம்மாவுக்கு இளவயதில் வந்திருந்ததால் டாக்டரே அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னார். சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. அந்த மாற்றம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் பேச்சே வேறு. இல்லாதபோது நல்ல மார்பையும் எடுப்பதால் ஆயுள் கூடப்போவதில்லை என்று டாக்டர் விளக்கினார்.

தம்பி ஒரு பை நிறைய முள்சீத்தா இலை கொண்டுவந்தான். "அக்கா, இதைக் கஷாயம் வச்சுக் குடி. எல்லாம் கரைஞ்சுடும்" என்றான். அன்பாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. இதைக் குடித்து மனிதர்களுக்குப் புற்றுநோய் குணமானதற்கு ஆதாரம் கிடையாது, சிகிச்சை மருந்துகளோடு மோதவும் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதை அவனிடம் சொன்னேன். இலை மாட்டுக்கொட்டகைக்குப் போயிற்று. மாடும் தின்னவில்லை.

உறவுக்கார அம்மாள் ஒருவர் மட்டும் நேராகவே கேட்டார்: "அறுபத்து மூணு வயசாச்சு. பேரன் பேத்தி எடுத்தாச்சு. இனிமே அது எதுக்குடீ?" எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் பதில் வந்தது. "அறுபத்து மூணு வயசுல எனக்கு இடது காதுகூட அவ்வளவா கேக்கல அத்தை. அதுக்காக அதை அறுத்துடலாமா?" வயதானால் நம் உடம்பு நமக்கு வேண்டாததாக ஆகிவிடுமா என்ன?

இவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் போனபிறகு, "நீ என்ன நினைக்கிறே?" என்றார். நாற்பது வருஷத்தில் இவர் கேட்ட கேள்விகளில் இதுதான் பெரியது.

என் மனதில் இருந்த பயம் ஒன்றுதான். அம்மாவின் கை. மார்பை எடுத்தால் கை வீங்கும் என்றே நான் அவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். சந்தேகங்களை ஒரு தாளில் எண் போட்டு எழுதிக்கொண்டு போய், முதல் கேள்வியாக அதைக் கேட்டேன். டாக்டர் சொன்ன பதில் எனக்குப் புதிது. கை வீங்குவது மார்பை எடுப்பதால் அல்ல, அக்குளில் நெறிகளைத் துடைத்தெடுப்பதால். கட்டியை மட்டும் எடுத்தாலும் அக்குளை முழுக்கச் சுத்தம் செய்தால் கை வீங்கக்கூடும். "மார்பு ஒரு கேள்வி, அக்குள் இன்னொரு கேள்வி. ரெண்டையும் தனித்தனியா முடிவு பண்ணணும்" என்றார்.

அந்த இரண்டாவது கேள்விக்கும் இப்போது நல்ல வழி இருக்கிறது. கட்டிக்குப் பக்கத்தில் நீலச் சாயத்தை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். அது எந்த நெறிக்கு முதலில் போய்ச் சேருகிறதோ அதுதான் காவல் நெறி. நோய் பரவினால் முதலில் அங்கேதான் வந்திருக்க வேண்டும். அந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். அதில் இல்லையென்றால் மற்றதைத் தொடாமல் விட்டுவிடலாம். எனக்கு மூன்று நெறிகளை எடுத்தார்கள். மூன்றும் சுத்தம். இன்றுவரை என் கை வீங்கவில்லை. நானே தலை பின்னிக்கொள்கிறேன்.

கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன். கதிர்வீச்சை நம் பக்கம் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். ஷாக் அடிக்குமோ என்று பயந்து வருகிறவர்களை நானே பார்த்தேன். ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே எடுப்பது போலத்தான். படுக்க வைத்து, அளவு பார்த்து, எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். சில நிமிஷத்தில் முடிந்துவிடும். இடப்பக்கம் என்பதால் இதயத்தில் கதிர் அதிகம் படாதபடி முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். முன்பெல்லாம் ஐந்து வாரம், 25 முறை கொடுப்பார்களாம். இங்கிலாந்திலும் கனடாவிலும் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு மூன்று வாரத்தில் முடிக்கிறார்கள். எனக்கு 15 முறை. கடைசி வாரத்தில் தோல் கறுத்து எரிந்தது, அசதியும் இருந்தது. ஒரு மாதத்தில் சரியாயிற்று. திருச்சியில் அறை எடுத்துத் தங்கினோம். சனி ஞாயிறு லீவில் இவர் என்னை ஸ்ரீரங்கம் கூட்டிப்போனார்.

என் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமம். 48 வயது. முந்திரிக்காடு கொஞ்சம், இரண்டு கறவை மாடு. கணவர் இல்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் வந்து சேர்ந்திருந்தாள். அவளுக்கும் என்னைப் போலச் சின்னக் கட்டிதான், இரண்டு வழியையும் சொல்லியிருந்தார்கள். அவள் முழுக்க எடுக்கச் சொல்லிவிட்டாள்.

"ஏம்மா?" என்று கேட்டேன்.

"மூணு வாரம் இங்க வந்து உக்காந்தா மாட்டை யாருக்கா பாப்பா? பிள்ளை பரீட்சைக்குப் படிக்குமா, பால் கறக்குமா? நெறியில இல்லைன்னா கரண்டு வேணாம்னு டாக்டரு சொல்றாங்க. எடுத்துட்டா பத்து நாள்ல வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்னை யாரும் எடுக்கச் சொல்லலக்கா. நானாதான் சொன்னேன்" என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. கட்டி சிறிதாக இருந்து நெறியில் பரவாமலும் இருந்தால், முழுக்க எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் கதிர்வீச்சு தேவைப்படுவதில்லை. எனக்கு ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது, தங்க அறை இருந்தது, கூட இருக்க ஆள் இருந்தது. அதனால் என் வழி எனக்கு எளிது. அவள் வழி அவளுக்கு எளிது. டாக்டருக்குக் கட்டியின் அளவு தெரியும். நம் வீட்டு மாட்டின் கணக்கு நமக்குத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து எடுப்பதுதான் முடிவு. அவள் இப்போதும் பொங்கலுக்குப் போன் செய்கிறாள். மகள் நர்சிங் முடித்துவிட்டாள்.

கத்தி, கரண்ட் இரண்டும் மார்பைப் பற்றியவை. மருந்து முழு உடம்பையும் பற்றியது. எந்த மருந்து என்பதைக் கட்டியின் குணம்தான் தீர்மானிக்கிறது. பயாப்சி சதையிலேயே மூன்று சோதனை செய்கிறார்கள்: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு ஹார்மோன்களை நம்பி வளர்கிறதா, HER2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று.

ஹார்மோன் வகை என்றால் மாத்திரை உண்டு. 1896-லேயே கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற டாக்டர், சினைப்பையை எடுத்தால் சில பெண்களுக்கு மார்புக் கட்டி சுருங்குவதைக் கண்டு எழுதினார். காரணம் அப்போது தெரியாது. பிறகு 1960-களில் கருத்தடைக்காக இங்கிலாந்தில் ஒரு மருந்தைச் செய்தார்கள். கருத்தடைக்கு அது உதவவில்லை. ஆனால் அதுதான் டமாக்ஸிஃபென் என்ற பெயரில் லட்சக்கணக்கான பெண்களைக் காப்பாற்றியது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன. எனக்கு லெட்ரோசோல், தினம் ஒன்று, ஐந்து வருஷம். மூட்டுவலி வந்தது, எலும்பும் கொஞ்சம் தேய்ந்தது. கால்சியம், வைட்டமின் டி, தினமும் நடை என்று சமாளித்தேன். முழுப் படிப்பையும் முடித்த மாதிரி ஐந்து வருஷமும் முடித்தேன். வலி என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. நிறுத்துவதற்கு முன்னால் டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள்.

HER2 வகை ஒரு காலத்தில் பொல்லாத வகை. 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து அதன் தலையெழுத்தை மாற்றியது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஒரு வருஷம் போடுவார்கள். விலைதான் யானை விலை. 2014-இல் பெங்களூருவின் பயோகான் நிறுவனம் அதே மாதிரி மருந்தை இங்கேயே கொண்டுவந்தது. வேறு நிறுவனங்களும் பின்னால் வந்தன. ஆகவே விலையைக் கேட்டு மலைத்துவிடாமல், "இதே மருந்து வேற கம்பெனியில இருக்கா?" என்று கேட்க வேண்டும். மூன்று குணமும் இல்லாத வகைக்கு கீமோதான் முக்கிய ஆயுதம்.

கீமோ எல்லாருக்கும் கட்டாயம் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கட்டி சிறிது, நெறி சுத்தம், ஹார்மோன் வகை. கீமோவால் எனக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் மிகச் சிறியது என்று டாக்டர் விளக்கியதால் அது இல்லாமலேயே முடிந்தது. இன்னொன்றும் நம் வயதுக்காரர்களுக்கு முக்கியம். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு இதே மாதிரி சாதுவான சின்னக் கட்டியாக இருந்தால், கட்டியை எடுத்து மாத்திரை மட்டும் சாப்பிட்டுக் கரண்டைத் தவிர்ப்பதும் உண்டு. அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு சற்றே கூடும், ஆனால் ஆயுள் குறைவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்று வாரம் போய்வரும் சிரமத்தையும் இதையும் தராசில் வைத்துப் பார்க்கலாம்.

பணத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காஞ்சிபுரம் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மையம், தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது. டாக்டர் சாந்தா தன் வாழ்நாளையே அங்கு செலவழித்தார். ஏழைகளுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

என்னிடம் வந்த இரண்டு வீட்டாருக்கும் நான் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. டாக்டரிடம் போகும்போது தாளில் எழுதி எடுத்துப் போங்கள். காது நன்றாகக் கேட்கும் ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

1. கட்டி எவ்வளவு பெரிது? ஒன்றா, பலவா? நெறியில் இருக்கிறதா?

2. பயாப்சியில் ஹார்மோன், HER2 சோதனை முடிவு என்ன?

3. கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? முடியாது என்றால் ஏன்? முதலில் கீமோ கொடுத்தால் முடியுமா?

4. அக்குளில் எவ்வளவு எடுப்பீர்கள்? காவல் நெறியை மட்டும் சோதிக்க முடியுமா?

5. கரண்ட் எத்தனை முறை? எடுத்துவிட்டால் அது தேவைப்படாதா?

6. கீமோவால் எனக்குக் கூடுதல் பலன் எவ்வளவு? என் சர்க்கரையும் இதயமும் அதைத் தாங்குமா?

7. முழுக்க எடுத்தால், வயிற்றுச் சதை அல்லது சிலிக்கான் வைத்து மறுபடி மார்பை அமைக்க முடியுமா? வேண்டாம் என்றால் உள்ளாடையில் வைத்துக்கொள்ள நல்ல பொருள் எங்கே கிடைக்கும்?

8. யோசிக்க எனக்கு எத்தனை நாள் இருக்கிறது?

கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதும் தவறில்லை. நல்ல டாக்டர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கணவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பணம் புரட்டுவது, வண்டி ஏற்பாடு செய்வது, மருந்து வாங்குவது எல்லாம் நீங்கள் செய்யுங்கள், அது பெரிய உதவி. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து முடிவு செய்வதற்கு முன்னால், உள்ளே படுத்திருக்கிறவளை எழுப்பி உட்கார வைத்து, இரண்டு வழியையும் நிதானமாகச் சொல்லி, அவளுக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். "நீங்க சொல்றபடியே செய்யலாம்" என்றுதான் பெரும்பாலும் முதலில் சொல்வாள். உடனே எழுந்து போய்விடாதீர்கள். இன்னும் ஒருமுறை கேளுங்கள்.